தாத்தா லாரியை மறுபடி ஓட்ட முடியுமா? பட்டறை முதல் ஆர்.டி.ஓ ஆபீஸ் வரை ஒரு பார்வை

ரீல்ஸில் அடிக்கடி வரும் காட்சிதான். துருப்பிடித்துக் கிடக்கும் 1950-கள் காலத்து அமெரிக்க பிக்கப் ட்ரக் ஒன்று, அரை நிமிடத்தில் பளபளவென்று ஆகி உறுமிக்கொண்டு ஷெட்டை விட்டு வெளியே வரும். அதைப் பார்க்கும்போது நம்மில் பலருக்கு ஊர் ஞாபகம் வந்துவிடும். கள்ளக்குறிச்சி, சின்னசேலம், கச்சிராயபாளையம் பக்கம் யாருடைய களத்து மேட்டிலாவது ஒரு மூக்கு வைத்த லாரி நிற்கும். டயர் இருக்காது, கல் மேல் நிற்கும், கேபினுக்குள் கருவேலஞ்செடி முளைத்திருக்கும். ஒரு காலத்தில் கரும்பு லோடு அடித்த வண்டி. "இதையும் அப்படி ரெடி பண்ண முடியாதா?" என்று ஒரு ஆசை வரும்.

முடியும். ஆனால் அமெரிக்க ட்ரக்கை மீட்பதும் நம் ஊர் லாரியை மீட்பதும் ஒரே வேலை இல்லை. இங்கே இரண்டு சிக்கல்கள் உண்டு. எந்த வடிவத்துக்கு மீட்பது என்பது முதல் கேள்வி. மீட்ட பிறகு ரோட்டில் ஓட்ட முடியுமா என்பது அடுத்தது. பணம் செலவு பண்ணுவதற்கு முன்னால் இரண்டுக்கும் பதில் தெரிந்திருக்க வேண்டும்.

பாதி கம்பெனி, பாதி தச்சர்

அமெரிக்காவில் ஒரு பழைய ஃபோர்டு பிக்கப்பையோ டாட்ஜ் பவர் வேகனையோ மீட்பவருக்கு ஒரு வசதி இருக்கிறது. கேபின், கதவு, பானெட் எல்லாமே தொழிற்சாலையில் அச்சில் அடித்த தகடு. எத்தனையாவது வண்டியாக இருந்தாலும் கதவு ஒன்றுதான். அதனால் அதே அளவில் புதுக் கதவு செய்து விற்கவே அங்கே கம்பெனிகள் இருக்கின்றன. உடம்பை அப்படியே வைத்துக்கொண்டு, உள்ளே நவீன இன்ஜின், பிரேக் எல்லாம் மாட்டுவதை ‘ரெஸ்டோமாட்’ என்கிறார்கள். ரீல்ஸில் நாம் பார்ப்பது பெரும்பாலும் இதுதான்.

நம் லாரியின் கதை வேறு. கம்பெனி விற்றது முழு லாரி கிடையாது. சேஸ், இன்ஜின், கியர்பாக்ஸ், ஆக்சில், முன்பக்க பானெட், டேஷ்போர்டு வரைக்குமான ‘கவுல்’, அவ்வளவுதான். கூரை, கதவு, சீட், பின்பக்கம் எதுவும் இருக்காது. நெடுஞ்சாலையில் வெறும் சேஸை ஓட்டிப் போகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். தலையில் ஹெல்மெட்டோ துண்டோ, கண்ணில் கண்ணாடி, முகத்தில் நேராக அடிக்கும் காற்று. அந்த எலும்புக்கூடு போய்ச் சேரும் இடம் ஒரு பட்டறை. கள்ளக்குறிச்சியிலிருந்து போகிறவர்களுக்கு ஆத்தூர், சேலம், சங்ககிரி தாண்டினால் திருச்செங்கோடு. அந்தப் பக்கம் நாமக்கல். லாரி பாடி கட்டுவதற்கு இந்தப் பகுதி பெயர் பெற்றது. பஸ் என்றால் கரூர்.

அங்கேதான் லாரிக்கு உடம்பு வந்தது. தச்சர் மரச்சட்டம் அடிப்பார், தகரக்காரர் அதன்மேல் தகடு வளைப்பார், வெல்டர், எலக்ட்ரீஷியன், சீட் தைப்பவர், கடைசியாக பெயின்டர். ஓனர் என்ன லோடு அடிக்கப் போகிறார் என்பதைப் பொறுத்து பலகையின் உயரம் மாறும். கரும்புக்கு ஒரு மாதிரி, செங்கல்லுக்கு ஒரு மாதிரி, மரவள்ளிக் கிழங்குக்கு ஒரு மாதிரி. கேபின் மேலே படுக்க இடம் வேண்டுமா, கதவில் சாமி படமா கட்சிக் கலரா என்பதெல்லாம் ஓனருக்கும் மேஸ்திரிக்கும் நடுவில் பேசி முடிவாகும். ஒரே மாதத்தில் ஒரே ஆலையை விட்டு வந்த இரண்டு சேஸ்கள், இரண்டு பட்டறைகளிலிருந்து இரண்டு வேறு வண்டிகளாக வெளியே வரும்.

இன்றைக்கு ‘கஸ்டம் பில்டு’ என்று ஸ்டைலாகச் சொல்கிறோம். நம் ஊரில் அதுதான் ரெகுலர் லாரி.

இந்தப் பழக்கத்தின் வேர் மோட்டார் வண்டிக்கும் முந்தையது. சென்னை சிம்ப்சன் கம்பெனி 1840-இல் தொடங்கியபோது அதன் வேலை குதிரை வண்டி கட்டுவது. அங்கே வேலை பார்த்த சாமுவேல் ஜான் கிரீன் 1903-இல் நீராவியில் ஓடும் கார் ஒன்றை உருவாக்கினார். வண்டிக்கு உடம்பு கட்டுகிற கை ஏற்கெனவே இருந்தது; அடியில் குதிரைக்குப் பதில் இன்ஜின் வந்தது, அவ்வளவுதான். சுதந்திரத்துக்குப் பிறகு 1948-இல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ், 1955-இல் அசோக் லேலண்ட் ஆனது. எண்ணூரிலிருந்து லேலண்ட் சேஸ்கள் வந்தன. 1954-இல் டாடா, ஜெர்மனியின் டைம்லர்-பென்ஸுடன் சேர்ந்து லாரி செய்யத் தொடங்கியது. 1969-இல் அந்தக் கூட்டு முடிந்தபோது முகப்பிலிருந்த பென்ஸ் நட்சத்திரம் போய் ‘டி’ வந்தது. கூடவே பிரீமியரின் டாட்ஜ், ஃபார்கோ, ஹிந்துஸ்தான் மோட்டார்ஸின் பெட்ஃபோர்டு. பெயர்ப் பலகை வெளிநாடாக இருந்தாலும், முன் கண்ணாடிக்குப் பின்னால் இருந்ததெல்லாம் நம் தச்சர் கணக்குதான்.

ஆக, களத்து மேட்டில் நிற்கிற லாரியை ‘ஒரிஜினலாக’ மாற்றுவது என்றால் என்ன அர்த்தம்? பானெட்டுக்கும் சேஸுக்கும் ஒரிஜினல் உண்டு. கேபினுக்கும் பாடிக்கும் கம்பெனி வரைபடம் கிடையாது. அந்தப் பட்டறை அன்றைக்குச் செய்ததுதான் ஒரிஜினல். அதுவும் இருபது முப்பது வருஷ ஓட்டத்தில் இரண்டு மூன்று தடவை மாறியிருக்கும். உங்கள் வண்டியின் பழைய உருவத்துக்கு ஆதாரம் வேண்டுமென்றால் கல்யாண ஆல்பத்தில், பொங்கல் போட்டோவில்தான் தேட வேண்டும். நான் கேலிக்குச் சொல்லவில்லை. ஆயுத பூஜைக்கு மாலை போட்டு எடுத்த ஒரு போட்டோ, இந்த வேலையில் தங்கம்.

எங்கிருந்து தொடங்குவது?

பெயின்டிலிருந்து இல்லை. நிறைய பேர் அங்கேதான் ஆரம்பிக்கிறார்கள்.

முதலில் சேஸ். இரண்டு நீளமான இரும்புச் சட்டங்கள், குறுக்கே ரிவெட் அடித்த சட்டங்கள். பள்ளம் மேட்டில் ஓடும்போது இது கொஞ்சம் முறுக்கிக்கொண்டு, பிறகு நேராகும். அப்படி முறுக்கத்தான் அதை வடிவமைத்திருக்கிறார்கள். அதனால்தான் பழைய மேஸ்திரிகள் பாடியை சேஸோடு வெல்டு அடிக்க மாட்டார்கள். நடுவில் மரக்கட்டை கொடுத்து, யூ போல்ட் போட்டு இறுக்குவார்கள். சட்டம் முறுக்கும்போது மரம் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். வண்டி போகும்போது கேட்கிற அந்தக் கிறீச் சத்தம் இந்த விட்டுக்கொடுத்தலின் சத்தம்தான். இன்றைக்கு ‘ஸ்ட்ராங்கா இருக்கட்டும்’ என்று முழு இரும்புப் பாடியைச் சேஸின் மேலேயே வெல்டு அடித்தால், வெல்டு அடித்த சூட்டில் அந்த இடம் பலம் இழக்கும், சில மாதத்தில் பக்கத்திலேயே விரிசல் விடும். சட்டத்தின் மேல், கீழ் விளிம்புகளில் ஓட்டை போடுவதும் அதே மாதிரி ஆபத்து.

சேஸை சுத்தம் பண்ணும்போது இன்னொரு விஷயம். அதில் குத்தியிருக்கும் சேஸ் நம்பரை முதலில் கண்டுபிடித்து, போட்டோ எடுத்து, டேப் ஒட்டி மூடிவிடுங்கள். அதன்மேல் கிரைண்டர் பட்டால் முடிந்தது. சட்டத்தின் கண்ணில் உங்கள் லாரி என்பது அந்த நம்பர்தான்.

அடுத்து இன்ஜின். பல வருஷம் சும்மா நின்ற இன்ஜினுக்கு பேட்டரி மாட்டி செல்ஃப் அடிக்கும் ஆசையை அடக்க வேண்டும். பிஸ்டன் லைனரோடு பிடித்துப் போயிருக்கும். சிலிண்டருக்குள் எண்ணெய் விட்டு சில நாள் ஊற வைத்து, கையால் மெல்லச் சுற்றிப் பார்ப்பதுதான் பழைய மெக்கானிக்குகளின் வழி. நல்ல செய்தி, டாடாவின் ஆறு சிலிண்டர் 697 இன்ஜின், லேலண்டின் 370, 400 இன்ஜின் எல்லாம் லட்சக்கணக்கில் ஓடியவை. லைனர் மாற்றலாம், கிராங்கை லேத்தில் கடைந்து அடுத்த சைஸ் பேரிங் போடலாம், மைக்கோ பம்ப்பைக் கழற்றி காலிபிரேஷன் செய்யலாம். இந்த வேலை தெரிந்தவர்கள் சேலத்திலும் நாமக்கல்லிலும் இன்னும் இருக்கிறார்கள். டாட்ஜ், ஃபார்கோவில் வந்த பெர்கின்ஸ் பி6 என்றால் கொஞ்சம் அலைய வேண்டியிருக்கும், அது சென்னையில் சிம்ப்சன் தயாரித்ததாகவே இருந்தாலும். (பி6-ஐ எடுத்துவிட்டு வேறு இன்ஜின் மாட்டலாமா என்று கேட்பவர்கள் கீழே சட்டப் பகுதியைப் படித்துவிட்டு முடிவெடுங்கள்.)

மரம் என்றால் பலகையை மட்டும் பார்க்காதீர்கள். மழைத் தண்ணீர் தேங்குவது போல்ட் ஓட்டையிலும் பலகைக்கு அடியிலும்தான், உளுத்துப்போவதும் அங்கேதான். மேலே கெட்டியாகத் தெரிகிற பலகையை ஒரு ஸ்க்ரூ டிரைவரால் அடியில் குத்திப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும்.

டயர் பற்றி ஒரு எச்சரிக்கை. பழைய லாரிகளின் வீல் ஒரே துண்டு கிடையாது, டயரைப் பிடித்துக்கொள்ள தனி இரும்பு ரிங் ஒன்று உண்டு. துருப்பிடித்த ரிங்கோடு காற்று அடித்தால் அது தெறித்து ஆளையே அடித்துவிடும். பஞ்சர் கடைக்காரர்களுக்கு இது நன்றாகத் தெரியும். இரும்புக் கூண்டுக்குள் வைத்துக் காற்று அடிக்கச் சொல்லுங்கள். கூண்டு இல்லாத கடையில் அந்த வேலையைக் கொடுக்க வேண்டாம்.

வெள்ளிமலை ஏறலாம், இறங்க முடியுமா?

கள்ளக்குறிச்சியில் லாரியை ரெடி பண்ணும் யாருக்கும் அடுத்த ஆசை கல்வராயன் மலைதான். கச்சிராயபாளையம், கோமுகி அணை வழியாக வெள்ளிமலைக்கு ஒரு ரைடு, ஒரு வீடியோ. ஏறுவதில் பெரிய சிக்கல் இல்லை. பழைய டீசல் இன்ஜின்கள் மெதுவாகத்தான் இழுக்கும், ஆனால் இழுத்துவிடும். சிக்கல் இறங்கும்போது.

பழைய லாரிகள் பலவற்றில் இன்றைய மாதிரி ஏர் பிரேக் கிடையாது, ஹைட்ராலிக் பிரேக்தான். இறக்கத்தில் பிரேக்கை மிதித்தபடியே வந்தால் டிரம் சூடேறி, லைனிங் பிடிப்பு குறைந்து, பெடல் இருந்தும் பிரேக் இல்லாத நிலை வரும். அந்தக் காலத்து டிரைவர்கள் எந்த கியரில் ஏறினார்களோ அதே கியரில் இறங்குவார்கள், இன்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். டீசல் மிச்சம் பண்ண நியூட்ரலில் விட்டவர்களும் உண்டு. அவர்களில் சிலர் கதை சொல்லத் திரும்பி வரவில்லை. எனவே பட்ஜெட் போடும்போது மாஸ்டர் சிலிண்டர், வீல் சிலிண்டர், டியூப், லைனிங் எல்லாவற்றுக்கும் முதல் வரியில் பணம் ஒதுக்குங்கள். ஹாரனும் லைட்டும் கடைசி வரியில் இருக்கட்டும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். மீட்ட லாரியின் பின்னால் சொந்தபந்தத்தை எல்லாம் ஏற்றிக்கொண்டு மலைக்கோயிலுக்குப் போகும் ஐடியா வேண்டாம். சரக்கு வண்டியில் ஆள் ஏற்றுவது சட்டப்படி தப்பு. 2022 ஏப்ரலில் திருப்பத்தூர் மாவட்டத்தில், ஜவ்வாது மலைப் பகுதியில் கோயிலுக்குப் போன மினி லாரி பள்ளத்தில் கவிழ்ந்து பலர் இறந்தார்கள். மலைவாழ் மக்களுக்கு அது ஜாலி ட்ரிப் கிடையாது, வேறு வண்டி இல்லாததால் ஏறுகிறார்கள். கல்வராயன் மலை 1976 வரை ஜாகீர்தார்கள் கையில் இருந்தது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கள்ளச்சாராயச் சாவுகளுக்குப் பிறகு சென்னை உயர்நீதிமன்றம் தானாக முன்வந்து இந்த மலை மக்களின் வாழ்க்கை நிலையை விசாரணைக்கு எடுத்தது. சாலை வசதியும் அதில் ஒரு பேச்சாக இருந்தது. நகரத்திலிருந்து வரும் நமக்கு ‘விண்டேஜ்’ ஆகத் தெரிகிற வண்டி, அங்கே புளி, கடுக்காய், மரவள்ளி இறக்குகிற வண்டி. அதை எடுத்துக்கொண்டு ஸ்டைலுக்கு ஏறுகிறவர், வளைவில் லோடோடு வருகிறவருக்கு முதலில் வழிவிட வேண்டும்.

ஆர்.டி.ஓ என்ன சொல்வார்?

2021 ஜூலையில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் விண்டேஜ் வாகனங்களுக்கு தனி விதி கொண்டுவந்தது. 50 வருஷம் தாண்டிய வண்டிக்கு ‘வி.ஏ’ என்ற எழுத்துகளோடு தனி நம்பர். புதிதாகப் பதிய ரூ.20,000, பதிவு 10 வருஷம் செல்லும். கண்காட்சி, ரேலி, பராமரிப்பு மாதிரியான காரணங்களுக்கு மட்டும் ரோட்டில் எடுக்கலாம். தினசரி ஓட்டவோ தொழிலுக்கோ கூடாது.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த விதி எழுதியவர்கள் மனதில் இருந்தது வீட்டுக் கார்களும் இருசக்கர வண்டிகளும்தான். விதி சொந்த உபயோக வண்டிகளுக்கு. லாரியோ பிறந்ததே வாடகைக்கு ஓட. (இருசக்கரம், நான்கு சக்கரம் என்றே எங்கும் பேசுகிறார்கள். நம் ஆளுக்கு ஆறு சக்கரம்.) அதோடு, வண்டி மூல வடிவத்திலேயே இருக்க வேண்டும், சேஸ், பாடி, இன்ஜினில் பெரிய மாற்றம் கூடாது என்கிறது விதி. பட்டறையில் கட்டிய பாடி, அதுவும் மூன்று முறை மாற்றிக் கட்டிய பாடி, இதில் எங்கே பொருந்தும்? கம்பெனி செய்ததுதான் மூலம் என்ற கார் உலகத்துக் கணக்கை லாரிக்கும் போட்டால், தமிழ்நாட்டில் ஒரு பழைய லாரிகூட தேறாது. மேஸ்திரியின் கைவேலையையும் மூலம் என்று ஏற்கிற ஒரு பிரிவு வேண்டும் என்பது என் கருத்து. இப்போதைக்கு அப்படி ஒன்று இல்லை.

இரண்டாவது வழி, லாரியை லாரியாகவே உயிரோடு வைத்திருப்பது. முதல் எட்டு வருஷத்துக்குப் பிறகு சரக்கு வண்டிக்கு வருஷா வருஷம் எஃப்.சி காட்ட வேண்டும். வண்டி வயதாக ஆக கட்டணமும் ஏறும். இன்ஷூரன்ஸ், வரி தனி. லோடு அடித்துச் சம்பாதிக்காத வண்டிக்கு இது காஸ்ட்லியான ஆசை, ஆனால் கணக்கு சுத்தமாக இருக்கும்.

‘ரெஸ்டோமாட்’ ஆசை இருக்கிறவர்கள் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவைத் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும். ஆர்.சி புத்தகத்தில் இருக்கும் விவரங்கள், கம்பெனி சொன்ன விவரங்களிலிருந்து மாறுகிற மாதிரி வண்டியை மாற்றக் கூடாது என்பது சாரம். 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. மீறினால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் ரூ.5,000 அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். அனுமதி வாங்கி அதே வகை இன்ஜினை மாற்றுவது வேறு. பி6-ஐ எடுத்துவிட்டு ஏதோ ஒரு டர்போவை மாட்டுவது வேறு. ஹரியானாவின் மண்டி டப்வாலியில் ராணுவக் கழிவு ஜீப்களிலிருந்து கட்டி விற்கும் ஓப்பன் ஜீப்கள் பிரபலம். யூடியூப் பார்த்து அங்கிருந்து வாங்கி வருகிறவர்கள், பேப்பரை உள்ளூர் ஆர்.டி.ஓ ஆபீஸில் காட்டும் நாளைப் பற்றியும் யோசிக்க வேண்டும். அரசு ஏலத்தில் பழைய ஜீப் எடுத்து ரெடி பண்ணும் வழியும் குறுகிவிட்டது. 2023 ஏப்ரல் 1 முதல், 15 வருஷம் தாண்டிய அரசு வண்டிகளின் பதிவு புதுப்பிக்கப்படுவதில்லை. அவை ஸ்கிராப்புக்குப் போகின்றன.

புது சேஸ், பழைய முகம்?

சரி, புது சேஸ் வாங்கி அதன்மேல் தாத்தா காலத்து ஸ்டைலில் பாடி கட்டினால்? பிலிப்பைன்ஸில் கிட்டத்தட்ட இதைத்தான் செய்கிறார்கள். இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் அமெரிக்க ராணுவம் விட்டுப்போன ஜீப்களை நீட்டிக் கட்டி உருவானது அங்குள்ள ‘ஜீப்னி’. 2017-இல் அரசு பழைய வண்டிகளை மாற்றச் சொன்னபோது எதிர்ப்பு கிளம்பியது. பிறகு அதே பழைய மூக்கோடு, உள்ளே நவீன வசதிகளோடு புது ஜீப்னிகளும் வரத் தொடங்கின.

இங்கே கேபின்தான் தடை. லாரி கேபினும் பாடியும் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு ‘ஏ.ஐ.எஸ்-093’ என்ற தரநிலை இருக்கிறது. 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும், மூன்றரை டன்னுக்கு மேற்பட்ட எடைப் பிரிவு லாரிகளின் கேபினில் ஏ.சி கட்டாயம். 45 டிகிரி வெயிலில் இன்ஜினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஓட்டியவர்களுக்கு இது ரொம்ப லேட்டாக வந்த நியாயம். மரக் கேபின் போச்சே என்று நான் அழப் போவதில்லை. விபத்தில் அந்த மரச்சட்டம் டிரைவரைக் காப்பாற்றியதும் இல்லை. ஆனால் கேபின் வேலை கம்பெனிக்குப் போனதும், தகரம் வளைக்கிற, மரச்சட்டம் அடிக்கிற கைகளுக்கு வேலை குறைகிறது. பின்பக்க லோடு பாடியில் இன்னும் இடம் இருக்கிறது. அனுமதி பெற்ற பாடி பில்டரிடம், அளவுக்குள், மரப் பலகை, பழைய கொக்கி, கையால் எழுதிய பெயர் எல்லாம் வைத்துக் கட்டிக்கொள்ளலாம். முன்னால் புது லாரி, பின்னால் 1975. ஒரு மாதிரி விநோதமாகத்தான் இருக்கும்.

எதுவானாலும், லாரியை எடைக்குப் போட வீட்டில் பேச்சு எழுவதற்கு முன் பேப்பரைத் தேடுங்கள். எம்.எஸ், டி.எம் என்று தொடங்கும் பழைய நம்பர் என்றால் கம்ப்யூட்டரில் சட்டென்று வராது. கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது 2019-இல்தான். அதற்கு முன் விழுப்புரம். 1993-க்கு முன் தென்னாற்காடு, தலைமையிடம் கடலூர். சேலத்தில் வாங்கிய வண்டி என்றால் பதிவு சேலத்தில் கிடக்கலாம். ஆர்.சி புத்தகம் கிடைக்கவில்லையென்றால் பழைய பெர்மிட், வரி ரசீது, இன்ஷூரன்ஸ் தாள், ஃபைனான்ஸ் கடிதம் என எது கிடைத்தாலும் எடுத்து வையுங்கள். தாத்தாவிடம் ஓட்டிய டிரைவர் இன்னும் இருந்தால் அவரையும் ஒரு நாள் வண்டிப் பக்கம் கூட்டிப் போங்கள். எந்தப் பட்டறையில் பாடி கட்டியது, எந்த வருஷம் கேபினை மாற்றியது, எந்த கியரில் மலை இறங்கியது என்று அவரிடம் கேளுங்கள். போனில் ரெக்கார்டு போட மறக்காதீர்கள்.